ஈரத்துக்குக் காரணம்

"மேல இருந்து தண்ணி இறங்குச்சுன்னா மொதல்ல எங்க தலையில தானுங்க சொட்டோணும்? சொட்டலையே."

"தலையில சொட்டறதுக்கு ஓட்டை வேணும் மயிலாத்தா. ஈரம் அப்படி வராது. காரைக்குள்ளயே ஊறி வரும். உனக்கு அது தெரியாது."

"ஊறி வந்தா காரை கறுக்குமுங்களே. ஸ்டூலு போட்டு ஏறிக் கை வெச்சுப் பாருங்க மொதலாளி."

"நான் எதுக்குக் கை வெச்சுப் பாக்கோணும்? அதுக்குத்தான் மேடம் கம்பெனில இருந்து வந்திருக்கறாங்க."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் அப்போதுதான் படியேறி வந்து கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். 'மேடம்' என்று என்னை அழைக்கும் இடம் அந்த ஊரிலேயே அது ஒன்றுதான். கம்பெனியில் நான் லோகப்பிரியா. எனக்கு மேலே இருக்கும் மோகன்குமார் சாருக்கு 'ஏம்மா'.

நான் வேலை பார்த்தது பம்ப் செட் செய்கிற ஒரு கம்பெனியின் தரப் பரிசோதனைப் பிரிவில். டிப்ளமோ முடித்துச் சேர்ந்து இரண்டாவது வருடம். மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வேலையைக் கம்பெனி வெளியே கொடுத்துவிடும். கோவையில் அப்படிச் சுற்றித் தருகிற சின்னச் சின்னப் பட்டறைகள் நிறைய இருந்தன. கணபதியில் ஒரு லேத் பட்டறைக்கு மேலே, இரண்டாம் மாடியில், காளிச்சாமி நடத்தியது அதில் ஒன்று. ஒரே நீளமான அறை. பதினோரு பெண்கள். எல்லாரிலும் மூத்தவர் மயிலாத்தாள்.

ஸ்டேட்டர் என்பது மோட்டாரின் சுழலாத பகுதி. கனமான இரும்பு வளையம். அதன் உட்பக்கம் சுற்றிலும் காடிகள். ஒவ்வொரு காடியிலும் காகிதத்தை மடித்துச் செருகி, அதற்குள் செம்புக் கம்பிச் சுருளை இறக்கி, மூங்கில் சிம்பை அடித்து இறுக்குவார்கள். கம்பிக்கும் இரும்புக்கும் நடுவே இருப்பது அந்தக் காகிதம் மட்டும்தான். அது ஈரமானால் மின்சாரம் இரும்புக்குக் கசியும்.

ஏப்ரலில் காளிச்சாமி லாட்டுக்கு அறுபது ஸ்டேட்டராக அனுப்பியதில், மூன்று லாட்டில் கெட்டவற்றை அவருக்கே திருப்பி அனுப்பியிருந்தோம். அறுபதில் பன்னிரண்டு, அறுபதில் பதினைந்து, அறுபதில் பன்னிரண்டு. மெக்கர் என்று ஒரு பெட்டி உண்டு. கைப்பிடியைச் சுற்றினால் முள் எழுந்து வலது கோடிக்குப் போக வேண்டும். இவை எல்லாவற்றிலும் முள் இடது கோடியிலேயே படுத்துக்கொண்டது. மோகன்குமார் சார் ஒரு படிவத்தை என்னிடம் கொடுத்து, "அங்க மொட்டை மாடியில என்னமோ தோட்டம் போட்டிருக்காங்களாம். ஜனவரியில போட்டாங்க, ஏப்ரல்ல ஈரம் வருது. வேற என்ன காரணம் இருக்கும்? போய்ப் பாத்து எழுதிட்டு வாம்மா" என்றார். படிவத்தில் கடைசிக் கட்டம் 'காரணம்'. நான் தனியாகப் போய் நிரப்ப வேண்டிய முதல் படிவம் அது.

"நீங்க எழுதறதுதானுங்க மேடம்" என்றார் காளிச்சாமி. வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் மூன்று பேனா. அவர் குரலில் கோபத்தைவிடக் களைப்புத்தான் அதிகம் இருந்தது. "தோட்டத்து மேல தப்புன்னா தோட்டத்த எடுத்துப்போடறேன். ஆளு மேல தப்புன்னா, அது யாரா இருந்தாலுஞ் செரி, ஆள நிறுத்திப்போடறேன். இன்னொரு லாட்டுத் திரும்பி வந்தா உங்க கம்பெனி வேற பட்டறையப் பாத்துக்குவாங்க. அப்புறம் இத்தனை பேருத்துக்கும் நான் என்னத்தச் சொல்றது? ஒரு மணிக்கு ரெண்டு ஆளு மம்பட்டியோட வரச் சொல்லியிருக்கறன். நீங்க எழுதிக் குடுத்தா எடுத்துருவாங்க. இல்லீன்னா டீக் குடிச்சுப்போட்டுப் போயிருவாங்க."

"கோயிலுக்கு நேரமாச்சுங்க மொதலாளி" என்றார் மயிலாத்தாள்.

"தெரியும். என்னைய முடுக்கறதுலயே இரு."

வெள்ளிக்கிழமைகளில் அவர் பகலில் கோனியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு ஒரு மணிக்குத்தான் திரும்புவாராம். படியில் இறங்கும்போதே வேட்டியை மடித்துக் கட்டினார். கீழே அவருடைய டி.வி.எஸ். 50 இரண்டு முறை இருமிவிட்டுக் கிளம்பியது.

அவர் போனதும் அறையில் பேச்சு சத்தம் ஏறியது. "மேடத்துக்கு மோரு குடுங்கடி" என்று யாரோ சொன்னார்கள். நான் மோரைக் குடித்துவிட்டு வேலையைத் தொடங்கினேன். ஸ்டூல் போட்டு ஏறிக் கூரையைத் தடவிப் பார்த்தேன். சுண்ணாம்பு கையில் ஒட்டியது. ஈரம் இல்லை. நாலு மூலை, குழாய் இறங்கும் இடம், ஜன்னல் மேல் விளிம்பு எல்லாம் பார்த்தேன். எங்கும் இல்லை.

பிறகு சனிக்கிழமை காலை அனுப்புவதற்காகச் சுவரோரம் அடுக்கியிருந்த ஸ்டேட்டர்களைப் பார்த்தேன். வரிசைக்குப் பன்னிரண்டாக ஐந்து வரிசை, ஒன்றன்மேல் ஒன்று. மெக்கரை வைத்து மேல் வரிசை பன்னிரண்டையும் சோதித்தேன். பன்னிரண்டிலும் முள் வலது கோடிக்குப் போய் நின்றது. கீழ் வரிசையிலிருந்து நாலு எடுத்துப் பார்த்தேன். அதிலும் அப்படியே.

"பாஸுங்களா?" என்று கேட்டாள் பாப்பாயி. ஒல்லியான பெண், என்னைவிட நாலைந்து வயது பெரியவளாக இருப்பாள். எனக்கு உதவியாக ஸ்டேட்டர்களைத் திருப்பித் தந்துகொண்டிருந்தாள்.

"எல்லாம் பாஸ்."

"நான் பத்தாவதுல கூடப் பாஸாகலீங்க. என்ற ஸ்டேட்டராச்சும் ஆகுதே."

நல்ல ஸ்டேட்டர்கள் இங்கிருந்து கிளம்பி, எட்டு கிலோமீட்டர் தாண்டி எங்களிடம் வந்து சேரும்போது கெட்டுப்போகின்றன. வழியில் மழை இல்லை. ஏப்ரல் முழுக்க ஒரு தூறல்கூட இல்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. "மாடியைப் பார்க்கலாம்" என்றேன்.

மயிலாத்தாள் முன்னால் ஏறினார். நாற்பத்தைந்து வயது இருக்கும். விரல் நுனிகள் காகிதத்தை மடித்து மடித்துத் தட்டையாகிவிட்டிருந்தன. படியின் உச்சியில் தகரக் கதவு. அதைத் தொட்டதும் கையை இழுத்துக்கொண்டேன். அவர் முந்தானையால் பிடித்துத் திறந்தார்.

வெயில் பழகுவதற்குள் வாசனைதான் முதலில் வந்தது. நனைந்த நார் வாசனையும் புதினா வாசனையும். பிறகு பச்சை. மாடி முழுக்க, ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை, சர்க்கரைவள்ளிக் கொடி விரிந்திருந்தது. நடுவில் ஒரு ஆள் போகிற அளவுக்குச் செங்கல் வைத்த பாதை. பாதை ஓரம் தரைப்பசலை, பொன்னாங்கண்ணி. தண்ணீர் வடியும் மூலையில் புதினா. கைப்பிடிச் சுவரை ஒட்டிச் செண்டுமல்லி. செடி எதுவும் என் முழங்காலைத் தாண்டவில்லை. மூன்றாவது மாடி உயரத்தில் ஒரு கீரை வயல் யாருக்கும் தெரியாமல் படுத்துக்கொண்டு வானத்தைப் பார்ப்பதுபோல இருந்தது.

"மண்ணா இது?" குனிந்து ஒரு கை அள்ளினேன். பழுப்பாக, பஞ்சு போல, எடையே இல்லாமல் இருந்தது.

"மண்ணு போட்டா கட்டடம் தாங்காதுங்க. இது தேங்கா நாரு அடிக்கறப்ப உழுகற தூளு. உடுமலப்பேட்டைப் பக்கம் ரோட்டோரமா மலையாட்டக் கொட்டிக் கெடக்கும். எடுத்துட்டுப் போனாச் சாமி கும்புடுவாங்க. என்ற கொழுந்தன் லாரில கிளீனரா போறானுங்க. காலி லாரி திரும்பி வரப்ப நாலு நடை கொண்டாந்து கொட்டினான். அடியில பாருங்க."

ஓரத்தில் தூளை விலக்கிக் காட்டினார். கோழிப்பண்ணைக்குத் தொங்கவிடும் கறுப்புத் தார்ப்பாய், இரண்டு மடிப்பு. அதன் ஓரங்கள் செங்கல்மேல் ஏறி மடங்கியிருந்தன. அதிகத் தண்ணீர் சரிந்து மூலைக் குழாய்க்குப் போய்விடும். தார்ப்பாயைத் தூக்கி அடியில் விரல்விட்டுப் பார்த்தேன். தளம் காய்ந்து வெதுவெதுப்பாக இருந்தது. மூன்று இடத்தில் அப்படிப் பார்த்தேன்.

"தண்ணீர்?"

"கை கழுவற தண்ணி, டிபன் பாக்ஸு கழுவற தண்ணி எல்லாத்தையும் ட்ரம்முல புடிச்சு வெச்சுக்குவமுங்க. காலையில அஞ்சரைக்கு நான் வந்து சொம்புல ஊத்துவேன். ட்யூப்புப் போட்டா மொளைக்கறதுக்கு முந்தி மிதந்துரும்."

பின்னாலேயே ஏறி வந்திருந்த பாப்பாயி, "அக்கா வரலீன்னா அவ்வளவுதானுங்க" என்றாள். "மாசியில இவங்க ஒறம்பரை ஊட்டுக் கல்யாணத்துக்கு ரெண்டே நாளு போனாங்க. நாங்களும் ஊத்தத்தான் ஊத்தினோம். பாதிக்கு மேல தலை தொங்கிப் போச்சு. நாங்க ஊத்தினா அதுக்கு ஏறறதில்ல. மாமியா கையில சாப்பிடாத மருமக மாதிரி."

"நீ வேருக்கு ஊத்தாம எலைக்கு ஊத்தினா எப்படி ஏறும்?" என்றார் மயிலாத்தாள்.

கம்பெனியின் வார்னிஷ் பிரிவில் இரவல் கேட்டு வாங்கி வந்த கண்ணாடித் தெர்மாமீட்டர் என் பையில் இருந்தது. படிவத்தில் வெப்பத்துக்குக் கட்டம் இல்லை. எனக்கே தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. கொடிக்கு அடியில் நார்த்தூள்மேல் ஐந்து நிமிடம் வைத்தேன். முப்பத்தொன்று. பக்கத்துக் கட்டடத்தின் மாடி எங்கள் கைப்பிடிச் சுவரோடு ஒட்டியது. கையை நீட்டி அந்தச் சிமெண்டுத் தளத்தில் வைத்தேன். பாதரசம் ஏறிக்கொண்டே போனது. ஐம்பத்தொன்றில் நின்றது. அப்போது மணி பதினொன்றரை.

"அந்தக் கட்டடத்துக்கு உள்ளே எப்படி இருக்கும்?"

"நட்டு போல்ட்டு மூட்டை கட்டறாங்க. போய் வெச்சுப் பாத்துட்டு வரட்டுங்களா?" பாப்பாயி தெர்மாமீட்டரை வாங்கிக்கொண்டு ஓடினாள். பத்து நிமிடத்தில் திரும்பினாள். "முப்பத்தேழுங்க. அங்கிருக்கற பொம்பளைக 'எங்களுக்குக் காச்சலா'ன்னு கேக்கறாங்க." வரும் வழியில் எங்கள் அறையிலும் வைத்துப் பார்த்திருந்தாள். முப்பத்தொன்று.

ஆறு டிகிரி. நான் அதை நோட்டில் எழுதினேன்.

"போன சித்திரையில இங்கியும் அதேதானுங்க" என்றாள் அவள். "ஃபேனைப் போட்டா அனலை எடுத்து மூஞ்சில அடிக்கும். ரெண்டு மணிக்கு மேல கை வேர்த்து காயிதம் வழுக்கும். நான் ஒரு நா மயங்கி உழுந்துபோட்டேன். உழுந்தது கூட எனக்குத் தெரியாதுங்க. எந்திரிச்சா எல்லாரும் சுத்தி நிக்கறாங்க, எம் மேல ஒரு கொடம் தண்ணி. நல்ல சேலை வேற."

"அதுக்கப்புறந்தான் போடலாம்னு நெனச்சேன்" என்றார் மயிலாத்தாள். "மொதலாளி மொதல்ல ஒத்துக்கல. பாதி மாடிக்கு மட்டும் போட்டுக் காட்டினேன். அவரே ரூம்புக்குள்ள அக்கட்டால பாதியில நின்னு பாத்தாரு, இக்கட்டால பாதியில நின்னு பாத்தாரு. மறுநா அவரே செங்கல்லு இறக்கினாரு."

மேற்கே மருதமலை வெளிறிப்போய்த் தெரிந்தது. அதற்கும் எங்களுக்கும் நடுவில் முழுக்க மாடிகள். வெள்ளையும் சாம்பலுமாக, நூற்றுக்கணக்கில், ஒன்றில்கூட ஆள் இல்லை. எல்லாம் பகல் முழுக்கச் சூட்டைக் குடித்துவிட்டு ராத்திரி முழுக்க அதைத் திருப்பிக் கொடுக்கும். என் வீட்டு மாடியும் அதில் எங்கோ இருந்தது. பத்து மணிக்குக்கூடப் பாயில் படுக்க முடியாது. ஒவ்வொரு மாடியும் பச்சையாகிக்கொண்டே மலை வரைக்கும் போவதை நான் கொஞ்ச நேரம் நினைத்துப் பார்த்தேன். தெர்மாமீட்டரை எங்கே வைத்தாலும் முப்பத்தொன்று.

"தெருவே இப்படிப் போட்டா எப்படி இருக்கும்?" என்றேன்.

"ஊரே போட்டா ஊட்டிக்கு எதுக்குங்க பஸ்ஸு?" என்றாள் பாப்பாயி.

மயிலாத்தாள் சிரிக்கவில்லை. "பாத்துட்டுப் போறதுக்குத்தான் எல்லாரும் வாராங்க" என்றார். "ஞாயித்துக்கெழமையில தெருவே மேல ஏறி நிக்கும். மார்ச்சுக் கடைசியில ஒரு காலேஜுல இருந்து நாப்பது புள்ளைங்க வந்து சுத்திப் பாத்துச்சுங்க. ஒருத்தராச்சும் அவங்க மாடியில ஒரு சட்டி வெச்சாங்களா? கேட்டா, ஆகா ஓகோங்கறாங்க. கீழ வந்து நாங்க சிலுசிலுன்னு உக்காந்து வேலை செய்யறதப் பாத்துப்போட்டு, 'உங்களுக்கென்ன, நெம்பக் குடுத்து வெச்சவங்க'ன்னு பெருமூச்சு உடறாங்க. எல்லாக் கண்ணும் ஒண்ணு மாதிரி இருக்குமுங்களா?" பிறகு என்னைப் பார்த்து, "உங்களச் சொல்லலீங்க மேடம்" என்றார்.

நான் சிரித்தேன். எனக்கு மனம் லேசாக இருந்தது. ஈரம் தோட்டத்திலிருந்து வரவில்லை என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியும். என்ன காரணம் என்று தெரியாமல் போனாலும் 'காரணம் இதுவல்ல' என்று எழுதலாம்.

கீழே வந்தபோது பன்னிரண்டு ஆகச் சில நிமிடம் இருந்தது. பெண்கள் கம்பியை முடிந்து வைத்துவிட்டு எழுந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி தரையைக் கூட்டினாள். ஒருத்தி சாமி படத்துக்குச் செண்டுமல்லியைப் போட்டாள்.

"ராகு காலம் முடியட்டும்னு இருந்தமுங்க. வெள்ளிக்கெழமை பூசை" என்றாள் பாப்பாயி. "நீங்களும் நில்லுங்க, சுண்டல் இருக்குது."

பன்னிரண்டு அடித்ததும் மயிலாத்தாள் சூடம் காட்டினார். பிறகு படத்துக்குக் கீழிருந்து ஒரு பித்தளைச் சொம்பை எடுத்தார். அதில் மஞ்சள் தண்ணீர், ஒரு வேப்பங்கொத்து. கொத்தை முக்கி வாசலில் தெளித்தார். நாலு மூலையிலும் தெளித்தார். கம்பி சுற்றும் மேசைகள்மேல். எங்கள்மேலும் தெளித்தார், எல்லாரும் கண்ணை மூடிக் குனிந்தோம். நான் கண்ணைத் திறந்தபோது அவர் சுவரோரம் போயிருந்தார். அடுக்கியிருந்த அறுபது ஸ்டேட்டர்களின் முன்னால் நின்று, குழந்தைக்குச் சுற்றிப் போடுவதுபோல் கொத்தை மூன்று சுற்றுச் சுற்றி, அவற்றின்மேல் மூன்று தரம் நன்றாக உதறினார்.

என் மேலுதட்டில் ஒரு துளி இருந்தது. நாக்கு தானாகவே அதைத் தொட்டது.

உப்புக் கரித்தது.

சுண்டலைக் கையில் வாங்கிக்கொண்டேன். சாப்பிடவில்லை. மேசையில் வைத்துவிட்டு, திரும்பி வந்த ஸ்டேட்டர்கள் கிடந்த மூலைக்குப் போனேன். நாட்கணக்கில் அங்கே கிடப்பவை, எலும்புபோலக் காய்ந்திருந்தன. ஒன்றைத் திருப்பி, காடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த காகிதத்தில் ஈர விரலை வைத்து நாக்கில் தொட்டேன். உப்பு. இன்னொன்று. உப்பு. காகிதம் மஞ்சளாக இருப்பதை நான் கம்பெனியிலேயே பார்த்திருந்தேன். பழைய காகிதம் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

தண்ணீர் காய்ந்துவிடும். உப்பு காயாது. காகிதத்திலேயே உட்கார்ந்துகொண்டு காற்றிலிருக்கும் ஈரத்தையெல்லாம் தன்னிடம் இழுக்கும்.

மெக்கரை எடுத்துப் போய், மேல் வரிசையில் முதல் ஸ்டேட்டரில் மாட்டிச் சுற்றினேன். ஒரு மணி நேரத்துக்கு முன் வலது கோடிக்குப் போன முள் இடது கோடியில் கிடந்தது. அடுத்தது, அதேதான். கீழ் வரிசையில் ஒன்றை எடுத்துச் சுற்றினேன். முள் எழுந்து ஓடியது. கீழ் வரிசைகளுக்குத் துளி போய்ச் சேரவில்லை. அறுபதில் பன்னிரண்டு.

பிறகு பையிலிருந்து கம்பெனியின் பட்டியலை எடுத்தேன். திரும்பி வந்த மூன்று லாட்டும் வந்து சேர்ந்த தேதிகள்: ஆறு, பதின்மூன்று, இருபது. சுவரில் தொங்கிய நாள்காட்டியில் அவை சனிக்கிழமைகள். ஒவ்வொன்றுக்கும் முந்தின நாளில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட்டேன். வாரத்தின் மற்ற நாட்களில் வந்த லாட் எதுவும் கெடவில்லை.

மற்ற பெண்கள் சாப்பாட்டுக்கு மாடிப்படியில் போய் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பட்டறையிலேயே அதிகம் சிலுசிலுப்பாக இருப்பது படிதான். மேலே கதவைத் திறந்துவிட்டால் பச்சையிலிருந்து காற்று இறங்கும். அவர்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. மயிலாத்தாள் மட்டும் போகவில்லை. சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு, நான் முள்ளைப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அது எதுக்குங்க படுத்துக்குச்சு? காலையில எந்திரிச்சு நின்னுச்சே."

"அக்கா, இந்தத் தண்ணியில உப்புப் போட்டிருக்கீங்களா?"

"ஒரு கை கல்லுப்பு. திஷ்டிக்குங்க."

"எப்ப இருந்து?"

அவர் யோசித்தார். "அந்தக் காலேஜுப் புள்ளைங்க வந்துட்டுப் போனதுல இருந்து. அதுக்கு முந்தி வெறும் சூடந்தான். அன்னிக்குச் சாயங்காலமே சுருளு ஒண்ணு அந்து போச்சு. பாப்பாயி விரல்ல சிம்பு ஏறிருச்சு. கண்ணுபட்டிருச்சுன்னு தெரிஞ்சு போச்சு. அதான் அடுத்த வெள்ளியில இருந்து…"

பாதியில் நிறுத்தினார். அவர் கண் என் விரலில் இருந்த மஞ்சளுக்குப் போனது. அங்கிருந்து மூலையில் கிடந்த ஸ்டேட்டர்களுக்கு. அங்கிருந்து நாள்காட்டியில் நான் போட்ட கோடுகளுக்கு. ஆறு வருடம்தான் அவர் கம்பி சுற்றியிருந்தார். ஆனால் எந்தக் காடியில் எத்தனை சுற்று என்று கேட்காமலே சொல்கிறவர். நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சொம்பை மெதுவாகத் தரையில் வைத்தார். வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

"அட சாமி" என்றார். "நல்லா இருக்கோணும்னுதானுங்க தெளிச்சேன். எச்சா இருக்கட்டும்னு ஒவ்வொண்ணு மேலயும் படறாப்பல உதறுவேன்."

"தெரியுதுக்கா."

"முப்பத்தொம்பது." திரும்பி வந்தவற்றின் கணக்கு அவருக்கு மனப்பாடம். "எல்லாம் என்ற கையாலயா?"

எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து படிவத்தை மடியில் விரித்தேன். பெயர், தேதி, பரிசோதித்த எண்ணிக்கை எல்லாம் எழுதினேன். கூரையில் ஈரம் இல்லை, தார்ப்பாய்க்கு அடியில் ஈரம் இல்லை என்றும் எழுதினேன். 'காரணம்' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. காலையில் தெரியாதபோது அந்தக் கட்டம் சின்னதாக இருந்தது.

உண்மையை எழுதினால் இரண்டு வரி. தோட்டத்தின்மேல் தப்பில்லை, மம்பட்டி ஆட்கள் டீக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். காளிச்சாமி சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற ஆள் என்பது பார்த்தாலே தெரிந்தது. ஆளை நிறுத்துவார். அதன்பிறகு அஞ்சரை மணிக்கு யார் வந்து சொம்பில் ஊற்றுவார்கள்? மே மாதம் இனிமேல்தான் வர இருந்தது. கட்டத்தைக் காலியாக விட்டால், எல்லாரும் ஏற்கெனவே நினைத்ததையே காரணமாக எடுத்துக்கொள்வார்கள், தோட்டம் கீழே இறங்கிவிடும். இதையெல்லாம் நான் எண்ணிக்கொண்டிருந்ததைவிட வேகமாக அவர் எண்ணி முடித்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

"என்னை நிறுத்திப்போடுவாருங்க" என்றார். புகார் சொல்வதுபோல இல்லை, மணி சொல்வதுபோல. "நிறுத்தட்டும். வேற பட்டறை இல்லாமப் போகுமா? ஆனா மேல இருக்கறது ஒரு வாரத்துல கருகிப்போகும். இவளுகளுக்கு வேர் எது எலை எதுன்னு தெரியாது. கருகிப் போச்சுன்னா மொதலாளி வாரி எறிஞ்சுபோடுவாரு. அப்புறம் ரெண்டு மணிக்கு இவளுக இங்க எப்படி உக்காருவாளுக?"

படியில் பாப்பாயி எதற்கோ உரக்கச் சிரித்தாள்.

"அக்கா, நான் மொதலாளிகிட்ட எடுத்துச் சொல்லிப் பார்க்கறேன். தெரியாம நடந்ததுன்னு."

"கோனியம்மனக் கும்புட்டு வர்றவருகிட்டயா? பூசைத் தண்ணியாலதான் பட்டறை கெட்டுதுன்னா? அவரு எம் மேல கோவப்படறதுக்கு மிந்தியே பயந்துபோயிருவாருங்க. பயந்த ஆளு என்ன செய்வாருன்னு சொல்ல முடியாது." முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தார். கண்ணைத் துடைத்தாரா நெற்றியைத் துடைத்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு அந்த முந்தானையையே பார்த்தார்.

கீழே டி.வி.எஸ். 50 வந்து நின்றது. கூடவே இரண்டு குரல்கள். இரும்பு எதையோ சுவரில் சாத்தி வைக்கும் சத்தம்.

மயிலாத்தாள் எழுந்து வந்தார். சொம்பிலிருந்த தண்ணீரை ஜன்னல் வழியே ஊற்றிவிட்டு, கவிழ்த்துவைத்தார். என் எதிரே தரையில் முட்டி போட்டு, படிவத்தை எட்டிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியும். எழுதாத கட்டத்தின்மேல் தட்டையான விரல் நுனியை வைத்தார்.

"வேர்வையிலயும் உப்புத்தானுங்களே" என்றார்.

"அக்கா…"

"சித்திரை வெயிலுக்கு யாருக்கு வேர்க்காது? கை வேர்த்தா காயிதத்துல உப்பு ஏறத்தான செய்யும்? அப்படின்னா ரூம்பு இன்னுங் கொஞ்சம் சில்லுன்னு இருக்கோணும்பாங்க. தோட்டத்துல கை வெக்க மாட்டாங்க."

"இங்க முப்பத்தொரு டிகிரிதான் இருக்கு. யாருக்கும் வேர்க்கறதில்லையே. நானே எழுதி வெச்சிருக்கேன்."

"அது உங்க நோட்டுலதானுங்க இருக்குது. இந்தத் தாளுல அதுக்குக் கட்டமே இல்லையே."

மோகன்குமார் சார் தேதிகளைப் பார்ப்பார். பார்க்காமலும் போகலாம். எங்கள் பம்ப் போய்ச் சேருகிற ஏதோ ஒரு கிணற்றடியில் ஈரக் காலோடு சுவிட்சைப் போடுகிற ஒரு ஆளை நினைத்தேன். திரும்பி வந்த முப்பத்தொன்பதையும் பிரித்து, காகிதத்தை மாற்றிச் சுற்றினால் அந்த ஆளுக்கு ஒன்றும் ஆகாது. மேல் வரிசை பன்னிரண்டையும் சேர்த்து ஐம்பத்தொன்று.

"பிரிச்சுச் சுத்தறத நானே சுத்தறேன். வேலை முடிஞ்சு உக்காந்து, ஒரு காசு கேக்காம. இனி இந்த ரூம்புக்குள்ள ஒரு சொட்டுத் தெளிக்க மாட்டேன், சூடத்தோட செரி." காலடிச் சத்தம் முதல் மாடியைத் தாண்டியது. அவர் குரல் இறங்கியது. 'மேடம்' போய்விட்டது, 'ங்க' போய்விட்டது. "வேர்வையின்னு எழுதிப்போடு கண்ணு."